கோழிக்கூட்டுக்குப் பின்னால் ஒரு கதவு

10.6.2002, திங்கள்

கேமில் சுவர் முனை வரும்போது பையன்களின் கழுத்து சாய்கிறது. இன்றைக்குத்தான் கவனித்தேன். திருப்பத்துக்கு அந்தப் பக்கம் என்ன நிற்கிறது என்று எட்டிப் பார்க்கிறார்களாம். டப்பாவுக்குள் இருக்கும் சுவரைக் கழுத்தைச் சாய்த்து எட்டிப் பார்க்க முடியுமா? காலேஜ் படிக்கிற பொன்னுராஜ்கூட நாற்காலியோடு சேர்ந்து சாய்கிறான். நான் திரைச்சீலைக்குப் பின்னால் நின்று தாவணி முனையை வாயில் வைத்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டேன்.

முன்னறையில் அல்தாப் அண்ணன் பிரவுசிங் சென்டர் வைத்து ஆறு மாதம் ஆகிறது. நெட் கிடைக்கிற நேரத்தைவிடக் கிடைக்காத நேரம்தான் அதிகம். அதனால் வருகிறவர்கள் எல்லோரும் அந்தப் பழைய துப்பாக்கி கேமைத்தான் ஆடுகிறார்கள். நான்கு சிஸ்டம் முன்னறையில். ஐந்தாவதுக்கு இடமில்லாமல் உள்ளறையில் கிடக்கிறது. அதை யாரும் கேட்பதில்லை. தூசி துடைப்பது நான்.

13.6.2002, வியாழன்

காலையில் சென்டர் திறக்குமுன் நானே ஆடிப் பார்த்தேன். துப்பாக்கி பிடித்த கை மட்டும் தெரிகிறது. அதற்குக் கீழே சின்னக் கட்டத்தில் ஓர் ஆம்பிளை முகம், அப்படியும் இப்படியும் முழிக்கிறது. அதுதான் நானாம்! அடி விழுந்தால் அந்த முகத்தில் ரத்தம் வழிகிறது. பாவமாக இருந்தது.

ஆனால் ஒன்று. அந்த முகத்துக்குப் பின்னால் இருக்கும்வரை என்னை யாரும் பார்க்க முடியாது. பார்ப்பவள் நான். விருந்தாள் வந்தால் அடுப்படிக்குள் ஓடிவிடுகிறவள், இதில் எந்தக் கதவையும் திறந்துகொண்டு போகிறேன்.

நான்கு தடவை செத்தேன்.

21.6.2002, வெள்ளி

அண்ணன் வாங்குகிற கம்ப்யூட்டர் பத்திரிகையில் அந்த கேமைச் செய்தவர்களைப் பற்றி இரண்டு பக்கம் வந்திருக்கிறது. இங்கிலீஷ். ஒன்பதாவதோடு நின்றவளுக்கு டிக்சனரியை வைத்துக்கொண்டு மூன்று நாள் ஆனது.

அமெரிக்காவில் ஒரு சின்னக் கூட்டம். அதில் முக்கியமான இரண்டு பேருக்கும் ஒரே பெயர், எங்கள் தெருவில் மூன்று நசீமா இருப்பது மாதிரி. இப்போது வருகிற துப்பாக்கி கேம் எல்லாமே அவர்கள் போட்ட பாதையில்தான் நடக்கிறதாம். முதல் பாகத்தை யார் வேண்டுமானாலும் காப்பி எடுத்து அடுத்தவருக்குக் கொடுங்கள் என்று விட்டுவிட்டார்கள். அது மட்டுமில்லை. உள்ளே இருக்கிற சுவர், கதவு, படி எல்லாவற்றையும் பிறர் மாற்றி வைக்க முடிகிற மாதிரியே கட்டியிருக்கிறார்கள். கொஞ்ச வருஷம் கழித்து, எழுதிய புரோகிராமையும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று வெளியே வைத்துவிட்டார்கள்.

இப்படியும் ஆட்களா? பக்கத்து வீட்டுக்குக் கறிக்குழம்பு கொடுத்து அனுப்புகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அடுப்போடு கொடுத்தவர்களை இப்போதுதான் கேள்விப்படுகிறேன்.

அந்த இரண்டு பேரில் ஒருவர் காலேஜைப் பாதியில் விட்டுவிட்டு வந்தவர். அந்த வரி சரியாகத்தான் புரிந்ததா என்று இரண்டு முறை பார்த்தேன். சரிதான். என்னைப் போல அம்மாவுக்கு ஆபரேஷன் என்று நின்று, அப்புறம் தன்னைவிடச் சின்னப் பிள்ளைகளோடு உட்கார வெட்கப்பட்டுப் போகாமல் இருந்தவராக இருக்கமாட்டார். இருந்தாலும் பாதிதானே.

24.6.2002, திங்கள்

பத்திரிகையோடு வந்த சிடியில் அந்த கேமுக்கு நாமே சுவரும் கதவும் வைத்து மேப் போடுகிற சாஃப்ட்வேர் இருக்கிறது!

2.7.2002, செவ்வாய்

மேலேயிருந்து பார்க்கிற மாதிரி கோடு போட வேண்டும். கோடுதான் சுவர். ஜாக்கெட் துணியில் சாக்பீஸால் கோடு போடுவது போலத்தான், எனக்கு அது வரும். ஒரு கோட்டின் நுனி அடுத்த கோட்டோடு சேரவில்லை என்றால், உள்ளே நடக்கும்போது அந்த இடத்தில் சுவரே இல்லாமல் பார்த்ததெல்லாம் வழிந்து ஒட்டிக்கொண்டு வருகிறது. தையல் விட்ட இடம். தேடித் தேடிச் சேர்த்தேன்.

இன்றைக்கு ஓர் அறை நின்றது. நான்கு சுவர், ஒரு கதவு. கதவைத் திறந்து உள்ளே போனேன், வெளியே வந்தேன். உள்ளே போனேன், வெளியே வந்தேன். அம்மா, “சோறு பொங்கி வழியுது, அங்கன என்னடி பண்ற?” என்று சத்தம் போட்டது.

அந்த அமெரிக்காக்காரர்களுக்கும் முதல் அறை நின்றபோது சோறு பொங்கியிருக்குமா?

9.7.2002, செவ்வாய்

எதைப் போடுவது? கோட்டை, சுரங்கம் எதையும் நான் கண்டதில்லை. எனக்குத் தெரிந்தது இந்தத் தெரு. அதிலும் முன்பக்கம் அவ்வளவாகத் தெரியாது. பின்பக்கம் கண்ணைக் கட்டிவிட்டாலும் நடப்பேன்.

ஆறு வீட்டுக் கொல்லையும் சுவருக்குச் சுவர் கதவு வைத்துச் சேர்ந்திருக்கின்றன. தெருவில் கால் வைக்காமலேயே பொம்பளைகள் இந்த முனையிலிருந்து அந்த முனைக்குப் போய்விடுவோம். நோன்புக் கஞ்சி, அரைத்த மாவு, சண்டை, சமாதானம் எல்லாம் போவது அந்த வழியில்தான். ஆம்பிளைகள் மீசை வந்தபிறகு அங்கே நுழைவதில்லை.

அதைத்தான் போடப் போகிறேன்.

16.7.2002, செவ்வாய்

அளவு எடுக்கிறேன். கையில் ஒரு கிண்ணம் இருந்தால் யாரும் கேட்கமாட்டார்கள். எங்கள் கொல்லை பதினொரு அடி வைப்பு. அடுத்தது ஒன்பது. மூன்றாவது வீட்டில் போன வருஷம் சுவரை இடித்துக் கட்டியபோது கதவைக் கோழிக்கூட்டுக்குப் பின்னால் தள்ளிவிட்டார்கள். கூட்டைச் சுற்றிக்கொண்டு போனால் ஜெய்த்தூன் பீவி மாமி வீடு, என்னைப் பெற்ற அத்தாவின் அக்கா.

மாமி துவைகல்லில் இருந்தபடியே பார்த்துவிட்டது.

“ஏண்டி, காலை எண்ணி எண்ணி வைக்கிற? முள்ளு குத்திருச்சா?”

“இல்ல மாமி.”

“கிண்ணத்துல என்ன?”

ஒன்றுமில்லை. கிண்ணம் காலி! “மாவு கேட்டு வந்தேன்” என்று சொல்லிவிட்டேன். இப்போது வீட்டில் இரண்டு நாளுக்கு மாவு இருக்கிறது.

30.7.2002, செவ்வாய்

இந்த கேமில் ஓர் அறைக்கு மேலே இன்னோர் அறை வைக்க முடியாது. ஒரு வாரம் மல்லுக்கட்டிவிட்டு, சிடியிலிருந்த குறிப்பைப் படித்தபிறகுதான் தெரிந்தது. அவர்கள் கட்டிய விதம் அப்படி. பழைய சிஸ்டத்திலும் வேகமாக ஓட வேண்டும் என்பதற்காக எதை விடலாம் என்று பார்த்து விட்டிருக்கிறார்கள். கோபம் வரவில்லை. துணி குறைவாக இருக்கும்போது கையைக் குட்டையாக வைக்கிறோமே.

மாமி வீட்டு மாடியை எடுத்துவிட்டேன். தெருவிலேயே அது ஒன்றுதான் மாடி.

22.8.2002, வியாழன்

முடிந்தது. மாமி கொல்லையில் நான்கு பேயை நிறுத்தினேன், கேமில் ஏற்கெனவே இருப்பவைதான். மேப்போடு ஒரு குறிப்பும் வைக்க வேண்டும். “செய்தவர்” என்று ஒரு வரி. அதைக் காலியாக விட்டேன்.

அண்ணனுக்கு நடந்து காட்டினேன். “ஏ புள்ள, நம்ம தெரு!” என்றது.

25.8.2002, ஞாயிறு

அண்ணன் அதை நான்கு சிஸ்டத்திலும் போட்டுவிட்டது. பையன்கள் போட்ட சத்தத்தில் அத்தா தன் கடையிலிருந்து எழுந்து வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனாக. மாமி மகன் நசீம், “ஏலே, இது எங்க தெருக் கொல்லைடா!” என்று கத்துகிறான். எல்லோருடைய கழுத்தும் சாய்கிறது. நான் போட்ட சுவர் முனையில்!

பொன்னுராஜ் கேட்டான், “அல்தாப்ண்ணே, நீங்களா செஞ்சீங்க?”

அண்ணன், “சும்மா, பொழுது போகல” என்றது.

ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. எனக்கும் அதுதானே வேண்டியிருந்தது? பொம்பளைப் பிள்ளை செய்தது என்று தெரிந்தால் நாளைக்கே ஊர் பேசும். நல்லதுதான்.

26.8.2002, திங்கள்

நல்லதில்லை.

15.9.2002, ஞாயிறு

சின்னமனூரிலிருந்துகூட வருகிறார்கள். “அல்தாப் மேப்பு” என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

27.10.2002, ஞாயிறு

என்ன செய்துவிட்டேன்.

ஒரு மாதமாகவே பையன்களுக்கு ஒரு குறை. மூன்றாவது வீட்டுக் கொல்லைவரை வந்துவிடுகிறார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் பேய் உறுமுவது கேட்கிறது. ஆனால் போக வழி தெரியவில்லை. நசீமுக்கும் மீசை வந்துவிட்டதால், போன வருஷம் இடம் மாறிய கதவு அவனுக்கும் தெரியாது. இன்றைக்கு எல்லோரும் சேர்ந்து அண்ணனைப் பிடித்து உட்கார வைத்துவிட்டார்கள்.

“செஞ்சவுக நீங்கதான, வழிய காமிங்க.”

அண்ணன் அந்தக் கொல்லையையே மூன்று சுற்றுச் சுற்றியது. சுவரில் முட்டியது. எல்லாச் செங்கலையும் தட்டியது. ஒருமுறை காட்டியிருந்தேன், மறந்துவிட்டது போல. பொன்னுராஜ் சொன்னான், “என்னண்ணே, சொந்த வீட்டுல வாசல் தெரியாம நிக்கிறீங்க?” சிரிப்பு. நசீமும் சிரித்தான். “யாரு செஞ்சதோ, இவரு பேரு வாங்குறாரு” என்று இன்னொருவன். அண்ணனின் பின்கழுத்து சிவந்துபோனது. திரைச்சீலை இடுக்கில் எனக்கு அது மட்டும்தான் தெரிந்தது.

எப்படி வந்தது என்று தெரியவில்லை. என் வாயிலிருந்துதான் வந்தது.

“கோழிக்கூட்டுக்குப் பின்னாடி.”

அண்ணன் கூட்டைச் சுற்றியது. கதவு திறக்கிற சத்தம் கேட்டது. கடைசியில் அண்ணன்தான் — சுவரைப் பார்த்துக்கொண்டு — “எந் தங்கச்சி செஞ்சதுடா” என்றது.

அடுப்படிக்கு ஓடிப்போய் உட்கார்ந்துகொண்டேன். சந்தோஷமா பயமா, இப்போதுகூடச் சொல்லத் தெரியவில்லை.

28.10.2002, திங்கள்

நசீம் வீட்டில் போய்ச் சொல்லிவிட்டான். ‘நம்ம கொல்லையில ஹுஸ்னா பேய விட்டிருக்கா, ஊர்ப் பயலுக பூராம் அங்கன ஓடுறானுக’ என்று. மாமி கொல்லை வழியாக வரவில்லை. தெரு வழியாக, தலையில் துணியை இழுத்துப் போட்டுக்கொண்டு, முன்வாசலில் ஏறி வந்தது. அத்தாவிடம் என்ன பேசியது என்று கேட்கவில்லை. சத்தம் மட்டும் கேட்டது.

மாமி போனதும் அத்தா சொன்னாக, “வெள்ளிக்கிழமை அந்த சிஸ்டத்தை எடுத்து வித்துப்புடு அல்தாப். உள்ளறையில இனி அது வேணாம்.”

அண்ணன், “அத்தா, அவ ஒண்ணும்—” என்று ஆரம்பித்தது. அத்தா நிமிர்ந்து பார்த்தாக. அவ்வளவுதான்.

அக்கா சொன்ன சொல்லுக்கு மேல் அத்தா ஒரு சொல் சொன்னதில்லை, என்றைக்கும்.

மாமி மேல் கோபமில்லை. அது சொல்வதும் சரிதான். யாரும் பார்க்கக் கூடாது என்று வைத்திருந்த வழி. என்னை மறைத்துக்கொண்டு அவர்கள் கொல்லையைத் திறந்து வைத்துவிட்டேன். அது ஏன் எனக்குத் தோன்றவில்லை? ஆனா அந்த சிஸ்டம் போயிருச்சுன்னா எனக்கு என்ன இருக்கு. அடுப்பு இருக்கு. தூசி துணி இருக்கு.

29.10.2002, செவ்வாய்

எதையும் அழிக்கவில்லை. மூன்று நாள் இருக்கிறது.

30.10.2002, புதன்

அம்மா காலையில் கொல்லை வழியாகப் போய் மாமியைக் கையோடு கூட்டி வந்துவிட்டது. “மதினி, திட்டுறது திட்டுங்க. பாத்துட்டுத் திட்டுங்க.” என்னைப் பார்த்து, “ஏய், அதப் போடு” என்றது.

சென்டர் திறக்கவில்லை. நாங்கள் மூன்று பேர்தான். பேயை எல்லாம் எடுத்துவிட்டு, பொம்பளை நடையாக மெதுவாக நடந்தேன். எங்கள் கொல்லை, அடுத்தது, அடுத்தது. கோழிக்கூடு வந்தது. மாமியின் கழுத்து சாய்ந்தது! கூட்டுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தது. நான் சிரிக்கவில்லை. கதவைத் திறந்தேன்.

மாமி துவைகல்லைப் பார்த்தது. கிணற்றைப் பார்த்தது. “நில்லு, நில்லு” என்றது. நின்றேன்.

“இதுக்குத்தான் கால எண்ணுனியா?”

“ஆமா மாமி.”

“அப்ப மாவு?”

அம்மா சிரித்துவிட்டது. மாமி சிரிக்கவில்லை. திரைக்கு இன்னும் பக்கத்தில் வந்து மேலேயும் கீழேயும் தேடியது. குரல் மாறிவிட்டது.

“எல்லாம் சரி. எங்க மாடி எங்கடி?”

இதில் ஒரு வீட்டுக்கு மேலே இன்னொரு வீடு வைக்க முடியாது, செய்தவர்கள் அப்படித்தான் செய்திருக்கிறார்கள் என்று விளக்கினேன்.

“ஏன், அவனுக மாடி வீட்டையே பாத்ததில்லையா?”

“பாத்திருப்பாக மாமி. சின்ன மிஷின்லயும் ஓடணும்னு விட்டுட்டாக.”

“தெருவுலயே ஒத்த மாடி. ரெண்டு வருசம் மண்ணுலயும் சிமிட்டிலயும் நின்னு கட்டுனது நானு. அதுதான் ஒனக்கு விடக் கெடச்சுதா?” திரையில் அந்தக் கதவைத் தொட்டு, “அந்தப் பயலுகளுக்கு எங்க கதவச் சாத்து. மொத அதச் செய்யி” என்றது.

போகும்போது கொல்லை வழியாகத்தான் போனது.

31.10.2002, வியாழன்

பையன்களுக்கு வேறு மேப். கூட்டுக்குப் பின்னால் இப்போது வெறும் சுவர். கதவுள்ளது உள்ளறை சிஸ்டத்தில் மட்டும்.

மத்தியானம் பொன்னுராஜ் திரைச்சீலையைப் பார்த்துக் கேட்டான், “தங்கச்சி, அந்தக் கதவு எங்க போச்சு?”

“இனிமே தொறக்காது” என்றேன். சத்தமாகத்தான் சொன்னேன் என்று அண்ணன் சொல்கிறது.

நாளைக்கு வெள்ளி.

1.11.2002, வெள்ளி

அத்தா ஜும்ஆ தொழுகை முடிந்து வந்து அண்ணனைக் கூப்பிட்டாக. அண்ணன் ஒயரைக் கழற்றக் குனிந்தது. நான் அடுப்படியில் நின்றேன். அங்கிருந்து பார்த்தால் கொல்லைக் கதவு தெரியும். அது திறந்தது. மாமி. கையில் கிண்ணம். அத்தாவைப் பார்த்துச் சொன்னது:

“ஏப்பா ஜெய்லானி, அந்தப் பொட்டி இருந்த எடத்துலயே இருக்கட்டும்.”

“நீதானக்கா—”

“நாந்தான் சொன்னேன். இப்பவும் நாந்தான் சொல்றேன். எங்க மாடி இன்னும் பாக்கி கெடக்கு.”

அத்தா அண்ணனைப் பார்த்தாக, அண்ணன் ஒயரை மறுபடி சொருகியது. மாமி கிண்ணத்தை என்னிடம் நீட்டியது. காலி. மாவு கொடுத்து அனுப்பினேன்.

அப்புறம் சிஸ்டத்தைப் போட்டேன். “செய்தவர்” என்ற வரியில் ஹுஸ்னா என்று என் பெயரை டைப் அடித்தேன். மாமி வீட்டு விறகு அறையை முழுக்கக் கல்லாக அடைத்து உயர்த்தி, அதற்கு மேல் ஒரு மொட்டைமாடி போட்டேன். கீழே அறை இல்லையென்றால் மேலே நிற்க இடம் கிடைக்கும். ஏறுவதற்கு வெளிப்பக்கம் பதினான்கு படி வைத்தேன்.