ருக்குமணிக்காக விட்ட சினிமா

வில்லியனூர்,
மார்ச் 6

அன்புத் தோழி ருக்குமணிக்கு,

செலின் மேரி எழுதுவது. நலமா என்று கேட்டுத்தான் கடிதத்தை ஆரம்பிக்க வேண்டும். ஆனால் டாக்டர் சொன்னதையெல்லாம் உன் மகன் புகழ்வேந்தன் போனில் சொல்லிவிட்டான். உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதனால் கேட்கவில்லை. பேசினால் உனக்கு மூச்சு வாங்குகிறது என்பதால் எழுதுகிறேன். பக்கத்து வீட்டு சுவேதா இதைப் படம் பிடித்து பாரிசுக்கு அனுப்புவாள். புகழ், அம்மாவுக்கு மெதுவாகப் படித்துக் காட்டு. அவள் சிரித்தால் நிறுத்திவிடு, இருமல் வரும்.

இங்கே வெயில் இப்போதே முதுகில் அறைகிறது. போன வாரம் பாகூர் போனேன். ஏரியில் தண்ணீர் இன்னும் நிற்கிறது. நாம் வேலை பார்த்த பள்ளிக்குப் பச்சை வண்ணம் அடித்திருக்கிறார்கள், கண் கூசுகிறது. என் வீட்டுக்காரர் தனிஸ்லாசுக்கு முழங்கால் வலி குறையவில்லை. இருந்தாலும் டீக்கடைக்கு மட்டும் நடக்க முடிகிறது அவரால்.

நாம் மாற்றி மாற்றிப் படித்த நாவலைப் படமாக எடுத்திருக்கிறார்களே, அதன் முன்னோட்டம் பார்த்தாயா? நான் பலமுறை பார்த்துவிட்டேன், ஒன்றும் விளங்கவில்லை. நம் நாவலில் வரும் அலமேலு ஒட்டுப் போட்ட புடவையோடு, புருஷன் விட்டுப்போன நிலத்துக்காகக் கோர்ட்டுக்கு நடக்கிறவள். இதில் அவள் கறுப்புக் கண்ணாடி போட்டு மழையில் வருகிறாள். நடக்கிறாளா நிற்கிறாளா என்று தெரியாத வேகம். பின்னால் நூறு காக்கை பறக்கிறது. திருபுவனை கம்பெனியில் வேலை பார்க்கும் சுவேதாவுக்கு அந்த இயக்குநர் என்றால் உயிர். ஏன் இப்படி என்று அவளிடம் கேட்டேன். "அந்தாளு படத்துல பிச்சக்காரன்கூட கூலிங்கிளாஸ் போட்டுக்கினுதான் பிச்ச எடுப்பான் டீச்சர்" என்றாள்.

கோபம் வந்தது. ஆனால் அடுத்த காட்சியில் அலமேலு கண்ணாடியைக் கழற்றி ஒரு பார்வை பார்க்கிறாள். நாம் நினைத்து வைத்திருந்த அதே முகம். கெடுக்கப் போகிறாரா, நம்மைவிட நன்றாகப் படித்தவரா, எனக்குத் தெரியவில்லை. வழக்கில் ஜெயித்துவிட்டு வந்து, சொல்ல ஆளில்லாமல் அவள் தனியாகப் பழைய சோறு தின்பாளே, அந்தக் கடைசிப் பக்கத்தை வைத்திருப்பாரா? அதைப் படித்துவிட்டு நீ அன்று வகுப்புக்கே போகவில்லை.

இப்போது உண்மையான குழப்பத்துக்கு வருகிறேன். போன வாரம் நீ மூச்சு வாங்க வாங்கச் சொன்னாய்: "இருபதாந்தேதி படமாம். நான் அதுக்குள்ள வந்துடுவேன். மொத நாளு, நீயும் நானும். வேற யாரும் கூட வரக்கூடாது." நான் உம் கொட்டினேனே தவிர, சரி என்று சொல்லவில்லை. நீ கவனித்திருப்பாய்.

எங்கள் வீட்டில் தவக்காலத்தில் ஆளுக்கொன்றை விட்டுவிடுவோம் என்பது உனக்குத் தெரியும். இந்த முறை, தவக்காலம் தொடங்கிய விபூதிப் புதன் அன்று, ஈஸ்டர் வரை சினிமா பார்ப்பதில்லை என்று வில்லியனூர் மாதாவிடம் நேர்ந்துகொண்டேன். உனக்காக. நீ எழுந்து நடமாட வேண்டும் என்பதற்காக. அப்போது படம் சித்திரையில் என்றுதான் சொல்லியிருந்தார்கள். பாகற்காய் பிடிக்காத பையன் பாகற்காயை விட்டுவிடுகிறேன் என்று நேர்ந்துகொண்டது போல, எனக்கு நஷ்டமே இல்லாத ஒன்றைத்தான் விட்டேன். திடீரென்று படத்தை ஈஸ்டருக்கு முன்னால் கொண்டுவந்துவிட்டார்கள். நீயும் வருகிறேன் என்கிறாய். இந்த மாதம் வரைக்கும்தான் உன்னை விமானத்தில் ஏற்ற டாக்டர் விடுவாராம். அடுத்த மாதத்தைப் பற்றிப் புகழ் ஒன்றும் சொல்லவில்லை.

புதிதாக வந்திருக்கும் பங்குத்தந்தை சேவியர்ராஜிடம் போய்க் கேட்டேன். சின்னப் பிள்ளை. நான் சொல்லி முடிப்பதற்குள், அந்தப் படத்துக்கு யார் இசை என்று கேட்டார். பிறகு, நேர்ந்தது நீங்கள்தான், உங்கள் மனசாட்சியையே கேளுங்கள் என்று என்னிடமே திருப்பிவிட்டார். மனசாட்சிக்கு பதில் தெரிந்திருந்தால் நான் ஏன் அவரிடம் போகிறேன்?

தனிஸ்லாஸ் டீக்கடையிலிருந்து வந்ததும் சொன்னேன். "அவளுக்காகத்தான நேந்துக்கின? அவளே வந்து கூப்புடறா. அப்பறம் இன்னா?" என்றார். அவருக்கு எல்லாமே சுலபம். நேர்ச்சையை முறித்த பிறகு உனக்கு ஏதாவது ஆகிவிட்டால், என்னால்தான் என்று வாழ்நாள் முழுக்க நினைத்துக்கொண்டிருப்பேனே, அதற்கு அவர் பதில் சொல்வாரா? நீ உள்ளே போய்ப் பார், நான் வெளியே உட்கார்ந்திருக்கிறேன் என்று சொல்லலாமா என்றும் யோசித்தேன். பாரிசிலிருந்து வந்தவளை இருட்டில் தனியே உட்கார வைப்பதா? அதுவும் அலமேலுவைப் பார்க்க?

நேற்று பூசையில் உட்கார்ந்திருந்தபோது, நாம் பரீட்சைத் தாள் திருத்தியது நினைவுக்கு வந்தது. பிள்ளை சரியான விடையை எழுதியிருக்கும், கேள்வி எண்ணை மட்டும் மாற்றிப் போட்டிருக்கும். நான் தயங்கும்போதெல்லாம், மதிப்பெண் போடு என்று நீ அதட்டுவாய். உனக்காக ஒன்றை விட்டேன். இப்போது உனக்காகவே அதைச் செய்தால், மேலே தாள் திருத்துகிறவரும் அப்படித்தான் போடுவார் என்று நம்பப் பார்க்கிறேன். முழுதாக நம்பிக்கை வந்துவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனாலும் சுவேதாவிடம் இரண்டு டிக்கெட் போடச் சொல்லிவிட்டேன். ஓரத்து இருக்கையாக, நீ எழுந்து போக வசதியாக.

ஆகவே வா. படம் மோசமாக இருந்தால் இரண்டு பேரும் சேர்ந்து திட்டலாம். பாதியில் களைத்துவிட்டால் என் தோளில் தூங்கு, மீதியை நான் பிறகு சொல்கிறேன்.

மாதாவின் துணை உனக்கு எப்போதும் இருக்கட்டும். உன் முருகனும் கூட இருக்கட்டும், எனக்கு ஆட்சேபணை இல்லை. ஒன்று மட்டும் நீ எனக்குச் செய்ய வேண்டும் ருக்கு. நான் முறித்ததால் ஒன்றும் ஆகவில்லை என்று நீதான் எனக்குக் காட்ட வேண்டும். அடுத்த வருஷம் விபூதிப் புதன் அன்று காலையில் நீயே போன் செய்து, "இன்னாடி செலினு, இந்த வாட்டி இன்னாத்த வுட்ட?" என்று என்னைக் கேட்க வேண்டும்.

உன்,
செலின்