எட்டாம் எண் ஜெர்சி

பிப்ரவரி 20

லியாண்ட்ரோ சார் இன்றும் கேட்டார். "உருவத்துக்குப் பேரு என்ன வைக்கப் போற, மரிவிக்?" பெயர் இல்லை என்றேன். "இந்தக் காலத்துக் கலைக்குப் பேரில்லாமலும் இருக்கலாம். ஆனா அட்டையில ஏதாவது எழுதணுமே" என்று சிரித்தார். மணிலாக்காரர். துறைமுகத்தில் பூட்டிக் கிடந்த ஐஸ் பாக்டரியைக் கலைக்கூடமாக மாற்ற வந்திருக்கிறார். ஊர் ஓவியர்களில் என்னையும் சேர்த்துக்கொண்டதே பெரிய விஷயம்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. தம்பி ஜெர்வினின் பழைய மீன்வலையை முறுக்கி ஆளுயரத்துக்கு உருவம் செய்திருக்கிறேன். தோள் வந்துவிட்டது, அந்தக் கோணல் முழங்கால்கூட வந்துவிட்டது. முகம் மட்டும் வரவில்லை. கூடப் பிறந்தவன் முகம் எப்படிக் கைக்கு வராமல் போகும்? வெறும் முடிச்சாக விட்டுவிட்டேன். அம்மணமாக நிற்கிறது. பார்க்கவே பாவமாக இருக்கிறது.

பிப்ரவரி 22

எடுத்துவிட்டேன். அம்மா சந்தைக்குப் போயிருந்த நேரத்தில்.

புயலுக்கு முந்தின நாள் திருவிழாக் கூடைப்பந்துப் பந்தயத்தில் அவன் போட்டு ஆடிய ஜெர்சி. நீலம், முதுகில் எட்டு. வேர்வையோடு கழற்றி எறிந்துவிட்டுப் படகேறினான். படகும் வரவில்லை, அவனும் வரவில்லை. அம்மா அதைத் துவைக்கவே இல்லை. பிளாஸ்டிக் பையில் கட்டி அலமாரியில் வைத்திருக்கிறாள். கதவைச் சாத்திக்கொண்டு பையைத் திறந்து முகர்ந்து பார்ப்பாள். எனக்குத் தெரியாது என்று நினைப்பு.

உருவத்துக்கு மாட்டினேன். அவனேதான்.

பிப்ரவரி 25

திறப்பு விழா. அம்மாவும் வந்தாள், பூப்போட்ட நல்ல கவுனில். உள்ளே வந்தவள் நின்றாள். முகத்தைப் பார்த்தாள், ஜெர்சியைப் பார்த்தாள்.

"மூஞ்சி இல்லாத பிள்ளையையாடி நான் பெத்தேன்?"

எல்லோருக்கும் கேட்டது. "அலமாரியில இருந்ததை யாரைக் கேட்டு எடுத்த? செத்தவனுக்குத்தான் சிலை வைப்பாங்க. எம்புள்ள செத்துட்டான்னு யாருடி உனக்குச் சொன்னது?" போய்விட்டாள். லியாண்ட்ரோ சார் என் காதருகே குனிந்து, "பிரமாதமான எதிர்வினை" என்றார். அந்த ஆளை அடித்திருக்க வேண்டும்.

பிப்ரவரி 26

பேசவில்லை. சாப்பிடவும் இல்லை, அம்மா.

பிப்ரவரி 28

இன்று நடந்ததை எப்படி எழுத? பாசிங் அக்கா வந்திருந்தாள். அவள் வீட்டுக்காரரும் அதே படகு. உருவத்தின் முன் நின்றாள். கைக்குட்டையை எடுத்து, கோயிலில் சிலுவை சுமக்கும் ஏசு சிலையைத் துடைப்பது போலவே, அந்த முகமில்லாத முகத்தைத் துடைத்தாள். அப்புறம் ஜெர்சியை, கையை, கோணல் முழங்காலை. துடைத்த கைக்குட்டையைத் தன் நெஞ்சில் தேய்த்துக்கொண்டாள்.

காவலுக்கு நின்றவன் ஓடி வந்தான். "அக்கா, தொடக்கூடாது! இது சாமி இல்ல, கலை!"

"ரெண்டும் வேறயாடா?" என்றாள்.

மார்ச் 3

தவக்காலம் வேறு. பெண்கள் வரிசையில் நிற்கிறார்கள். காலடியில் மெழுகுவத்தி, மல்லிகைச் சரம். யாரும் தொடக்கூடாது என்று காவலுக்கு ஆள் போட்ட லியாண்ட்ரோ சார் இப்போது போட்டோ எடுத்து எடுத்து நெட்டில் போடுகிறார். "மக்களே படைப்புக்குள்ள வந்துட்டாங்க, மரிவிக்! இதுதான் இன்னைக்குக் கலை!"

கலையாம்! ஒவ்வொரு கைக்குட்டையும் அவன் வாசனையைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொண்டு போகிறது. இன்று முகர்ந்து பார்த்தேன். மெழுகு, மல்லிகை, யாரோ ஒருத்தியின் பவுடர். அவன் இல்லை.

ஐயோ, என்ன பண்ணிட்டேன் நான்.

மார்ச் 4

அம்மா மூன்று வார்த்தை பேசினாள். "சட்டையைக் கொண்டு வா." கஞ்சியை வாயருகே கொண்டு போனேன், முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கை விரல்கள் குச்சியாகிவிட்டன. இப்படியே போனால் இவளையும் பறிகொடுத்துவிடுவேன்.

மார்ச் 5

கழற்றத்தான் போனேன். சத்தியமாகக் கழற்றத்தான் போனேன். கழுத்துப் பக்கம் கை வைத்ததும் ஒரு பெண் என் காலைப் பிடித்துக்கொண்டாள். நிறைமாதம். "புருஷன் கடல்ல இருக்கார், அக்கா. வர்ற வரைக்குமாவது விட்டுவைங்க." பின்னால் எல்லோரும் அழ ஆரம்பித்துவிட்டார்கள். லியாண்ட்ரோ சார் அதையும் படம் எடுத்தார்.

வெறுங்கையோடு வீட்டுக்கு வந்தேன். அம்மா என் கைகளைத்தான் பார்த்தாள்.

செய்ததும் நான், கெடுத்ததும் நான். யாரிடம் போய்ச் சொல்வேன்? டேய் ஜெர்வின், நீயாவது வந்து தொலையேன்டா.

மார்ச் 6

எழுத ஒன்றுமில்லை.

மார்ச் 8

காலையில் அம்மா படுக்கையில் இல்லை. பதறி ஓடினேன். ஐஸ் பாக்டரி வாசலில் கூட்டம் அம்மாவுக்கு வழிவிட்டுக்கொண்டிருந்தது. கிழித்து எறியப்போகிறாள் என்று நினைத்தேன். எல்லோரும் அப்படித்தான் நினைத்தார்கள். பாசிங் அக்கா குறுக்கே போய் நின்றாள். அம்மா அவளை ஒதுக்கிவிட்டு உருவத்தின் பின்னால் போனாள். ஜெர்சிக்குள் கையை விட்டு முதுகைத் தடவினாள். அந்தக் கட்டடம் எப்போதும் ஓதம் பிடித்தது. சுவரெல்லாம் நீர் கோத்திருக்கும்.

"முதுகெல்லாம் ஈரம். இப்படியா விடுவீங்க? சளி பிடிச்சுக்காது?"

பையிலிருந்து சின்னத் துண்டை எடுத்தாள். பள்ளிக்கூட நாளில் எங்கள் இருவர் முதுகிலும் சட்டைக்குள் செருகி அனுப்புவாளே, அதே மாதிரித் துண்டு. செருகினாள். மேல் ஓரத்தைக் கழுத்துக்கு வெளியே இழுத்து மடித்துவிட்டாள். பந்து விளையாடப் போகும் பிள்ளைக்குச் செய்வது போல.

அந்த நிறைமாதப் பெண் கைக்குட்டையோடு நின்றிருந்தாள். அம்மா அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். "மூஞ்சியைத் துடைக்காத, கண்ணு. இவன் சாமியில்ல, எம்புள்ள. கையைப் பிடிச்சுக் கேளு, உன் புருஷனைக் கண்டானான்னு."

அவள் கேட்டாள். நிஜமாகவே கேட்டாள். லியாண்ட்ரோ சார் படம் எடுக்கவில்லை. கேமரா கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

திரும்பும் வழியில் அம்மா கடை வாசலில் நின்று, "பசிக்குது" என்றாள். எனக்கு வந்த அழுகையில் கடைக்காரிக்கு என்ன சொன்னேன் என்றே தெரியவில்லை.

மார்ச் 15

தினமும் காலையில் துண்டு மாற்றப் போகிறாள். என்னோடு இன்னும் சரியாகப் பேசவில்லை. உப்புக் கருவாட்டில் பெரிய துண்டு என் தட்டில் விழுகிறது.

ஏப்ரல் 2

கண்காட்சி முடிந்தது. உருவத்தை மணிலாவுக்குக் கேட்டார்கள். அம்மா தலையாட்டினாள். "வலை வேணா போகட்டும். சட்டை எங்களோடது."

ஏப்ரல் 3

காலையில் கொல்லையில் தண்ணீர்ச் சத்தம். போய்ப் பார்த்தேன். அம்மா குத்துக்காலிட்டு உட்கார்ந்து, அலுமினியத் தொட்டியில் சோப்பு நுரையில் ஜெர்சியைத் துவைத்துக்கொண்டிருந்தாள். காலர், அக்குள், முதுகில் எட்டு, எல்லாம் நன்றாகத் தேய்த்து.

நான் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு முனையைப் பிடித்துக்கொண்டேன். இருவரும் சேர்ந்து பிழிந்தோம்.

கொடியில் போட்டாள். "காஞ்சதும் நீ போட்டுக்க" என்றாள்.