சின்ன மேட்டில் நின்ற டிஷ்

பதிவு 1
17 மே 2079, காலை 5.35. வெளி வெப்பம் 36.

எழுதுவது மாசிலாமணி, வயது அறுபத்து மூன்று, மொட்டைமாடி இணைப்பு நிபுணர். எட்டாம் வகுப்பு வரை போனேன். அதற்கு மேல் எனக்குச் சொல்லித்தர அந்தப் பள்ளிக்கூடத்தில் விஷயம் இல்லை. மாடியில் வேலை செய்கிறவன் இந்தக் கருவியைக் கழுத்தில் மாட்டிக்கொள்ள வேண்டும் என்பது சட்டம். நான் தட்டுவதை வாங்கிக்கொள்ளும்; வயர்லெஸ்ஸில் யார் பேசினாலும் தானே எழுதிக்கொள்ளும். பின்னால் எடுத்துப் படிக்கிறவர்கள் தொழில் கற்றுக்கொள்ளலாம்.

இடம் நெய்தல் அடுக்ககம். இருபத்திரண்டு மாடி, நானூற்றுப் பதினெட்டுப் பேர். பதினோராம் மாடியில் என் மனைவி பூங்காவனம். இதயத்தில் அறுவை முடிந்து நான்கு நாள் ஆகிறது.

திறக்கிற ஜன்னல் ஒன்றும் கிடையாது. குளிர்க்காற்று இயந்திரம்தான் மூச்சு. மின்சார மையம் அனுமதித்தால்தான் அது ஓடும். அனுமதி இணையம் வழியாகத்தான் வரும். தரைக்கடியில் போட்ட கேபிளை எல்லாம் உப்புத்தண்ணீர் தின்று பதினைந்து வருடம் ஆயிற்று. அதனால்தான் மொட்டைமாடிக்கு மொட்டைமாடி டிஷ். ஒரு நாளில் மொத்தம் ஒரு மணி நேரம் தொடர்பு அறுந்தால் மையம் பொறுத்துக்கொள்ளும். தாண்டினால் இயந்திரத்தை நிறுத்திவிடும். நின்றது மறுநாள் காலையில்தான் ஓடும். இரண்டு கட்டிடம் தள்ளி இருக்கிற நீலக் கட்டிடத்தில் போன மே மாதம் அப்படி நின்றது. இப்போது அங்கே யாரும் இல்லை.

சனிக்கிழமைக் காற்றில் எங்கள் டிஷ் விழுந்துவிட்டது. வாசலில் நிற்கும் தற்காலிக வண்டிதான் தொடர்பு கொடுக்கிறது. ஏழு மணிக்கு வண்டி வேறிடம் போகிறது. அதற்குள் புது டிஷ் ஏற வேண்டும். மாசிலாமணிக்கு இது பல் விளக்குகிற வேலை.

பதிவு 2
17 மே, காலை 6.25. வெப்பம் 38.

கம்பம் நட்டாயிற்று. அடியில் நாலு சிமெண்ட் கட்டை. நாலையும் ஒரே கையில் தூக்கி வந்தேன், லிஃப்ட் கொஞ்சம் உதவியது. அடுத்து குறி வைப்பது. நான்கு கிலோமீட்டர் தள்ளி அலை அனுப்பும் நிலையத்து மாடியில் என் மச்சான் தணிகாசலம், பூங்காவனத்தின் தம்பி. நான் டிஷ்ஷை நூல் நூலாகத் திருப்புவேன், அவன் அங்கே எண்ணைப் படிப்பான். எல்லாம் மைனஸ் கணக்கு, எண் சிறுத்தால் அலை பலம்.

திருப்பும்போது பலம் மூன்று தடவை ஏறி இறங்கும். இரண்டு ஓரத்திலும் சின்ன மேடு, நடுவில் பெரிய மேடு. ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை திருப்பிப் பார்த்துவிட்டு நடு மேட்டுக்குத் திரும்பி வர வேண்டும். இது கற்றுக்குட்டிகளுக்குச் சொல்வது. நான் கட்டைவிரலை நீட்டி ஒற்றைக் கண்ணை மூடினால் போதும். பத்து நிமிடத்தில் முடிக்கிறேன் என்று குடியிருப்போர் சங்கச் செயலாளர் ரெஜினா டீச்சரிடம் சொல்லியிருந்தேன். ஒன்பதாவது நிமிடத்தில் தொடர்பு வந்தது. வயர்லெஸ்ஸில் இப்படிப் போயிற்று:

"அறுபத்திமூணு, மாமா. இன்னும் திருப்பு."

"வந்திடுச்சு மச்சான். நிறுத்து."

"இன்னா நிறுத்து? இந்தத் தூரத்துக்கு நாப்பத்தேழு வரணும். நீ சின்ன மேட்டுல நிக்கிற."

"டேய், நீ அரை டிராயர் போட்டுனு இருந்தப்பவே நான் டிஷ் கட்டினவன்டா. எனக்கே பாடமா?"

"அந்தக் காலத்துல நீ கட்டுனது டிவி டிஷ்ஷு. அக்கா உள்ள இருக்குது. ஒரு தபா முழுசா திருப்பிப் பாரு மாமா."

வண்டிக்காரன் கீழே ஹாரன் அடித்தான். மாடிப்படியில் டீச்சரும் முப்பது பேரும் கை தட்டினார்கள். கை தட்டி முடித்த பிறகு டிஷ்ஷைத் திருப்பினால் பார்க்க நன்றாக இருக்காது.

பதிவு 3
17 மே, காலை 6.55

போல்ட் இரண்டையும் என் முழு பலத்தில் முறுக்கினேன். யானை வந்து இழுத்தாலும் அசையாது. "இரு கோடியும் திருப்பிப் பார்த்தாயிற்றா?" என்று கருவி கேட்டது. ஆம் என்று அழுத்தினேன். வண்டி போய்விட்டது.

பதிவு 4
18 மே, காலை 11.10. வெப்பம் 51.

எண் அறுபத்தொன்பது. படிப்பவர்கள் பயப்பட வேண்டாம். அலை என்பது நெய் மாதிரி, வெயிலில் இளகும். இதை நானே கண்டுபிடித்தேன். எழுபத்து மூன்று வரை தாங்கும்.

தணிகாசலம் அரை மணிக்கு ஒரு தடவை எண்ணைச் சொல்கிறான். வேறு எதுவும் பேசுவதில்லை. அவன் இவ்வளவு குறைவாகப் பேசி நான் பார்த்ததில்லை.

பூங்காவனமும் வயர்லெஸ்ஸில் வந்தாள். "ஏன்யா, உன் டிஷ்ஷு நல்லாதான் கீதா? உன் மூஞ்சி சரியில்லன்னு டீச்சர் சொல்றாங்க." மூஞ்சி பிறந்ததிலிருந்தே அப்படித்தான் என்றேன். சிரித்தாள். தையல் வலிக்கிறதாம்.

பதிவு 5
18 மே, மதியம் 12.40. வெப்பம் 56.

12.31க்குத் தொடர்பு அறுந்தது. எழுபத்து நான்கு.

"மாசிலாமணி, மையத்துல கடிகாரம் ஓட ஆரம்பிச்சிடுச்சு. உண்மையைச் சொல்லுங்க, டிஷ்ஷுல கோளாறா?" டீச்சரின் குரல். நாற்பது வருடம் பிள்ளைகளைக் கேள்வி கேட்ட குரல்.

"கோளாறு டிஷ்ஷுல இல்ல டீச்சர். ஓரத்து மேட்டுல கட்டிட்டேன். முழுசா திருப்பிப் பாக்கல."

அவர் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

வெப்பம் ஐம்பதைத் தாண்டினால் மையம் எல்லா மொட்டைமாடிக் கதவுகளையும் ஐந்து மணி வரை பூட்டி வைக்கும். தொடர்பு அறுந்து ஐந்து நிமிடம் ஆனால் மட்டும் பூட்டு செத்துவிடும், கையால் திறக்கலாம். கட்டிடத்தில் பனிச்சட்டை ஒன்றுதான் இருக்கிறது. இருபத்தைந்து நிமிடம் குளிர் தரும். குறி வைக்கத் தெரிந்தவனும் ஒருவன்தான். போகிறேன். இதைவிட மோசமான வெயிலில் சைக்கிள் விட்டிருக்கிறேன்.

பதிவு 6
18 மே, மதியம் 1.12. வெப்பம் 57.

மாடியில். செருப்பின் அடி ஒட்டுகிறது. போல்ட் அசையவில்லை. நேற்று முறுக்கியவன் பலசாலி. ஸ்பேனருக்கு மேல் ஏறி நின்று மிதித்தேன். ஒன்று கழன்றது. இன்னொன்று தலையோடு உடைந்தது. கழன்றதன் மரையும் தேய்ந்துவிட்டது. டிஷ் இப்போது கம்பத்தில் காற்றாடி மாதிரி சுற்றுகிறது.

பதிவு 7
18 மே, மதியம் 1.31

முழுக்கத் திருப்பினேன். ஒரு கோடி, மறுகோடி. நடுவில் இருந்தது. நாற்பத்தேழு. 1.29க்குத் தொடர்பு வந்தது. ஐம்பத்தெட்டு நிமிடம் செலவு, மிச்சம் இரண்டு.

"வந்துட்ச்சு மாமா! அப்டியே முறுக்கு!"

"முறுக்க போல்ட் இல்ல மச்சான். கையில புடிச்சிருக்கேன்."

அவன் உடனே டீச்சரைக் கூப்பிட்டான்.

பதிவு 8
18 மே, மதியம் 1.44

தொடர்பு வந்ததும் பூட்டுக்கும் உயிர் வந்துவிட்டது. பின்னால் கதவு சாத்திக்கொண்ட சத்தம் கேட்டது.

"மாசிலாமணி, மையத்துல மெஷின்தான் பேசுது. அஞ்சு மணிக்குத் திறக்கும்னு அதையே திருப்பித் திருப்பிச் சொல்லுது. ஆள் வெளிய இருக்காருன்னு கத்துறேன். கதவை உடைக்கச் சொல்லியிருக்கேன். தாங்குங்க."

கடப்பாரைச் சத்தம் கேட்கிறது. இரும்புக் கதவு. போன வருடம் அந்தக் கதவைப் போடச் சொல்லி யோசனை கொடுத்தது நான்தான். நல்ல கதவு.

காற்றில் கை ஆடினால் எண் ஆடுகிறது. தணிகாசலம் கத்துகிறான். இரண்டு தடவை அறுந்தது. பதினேழு நொடி போயிற்று.

பதிவு 9
18 மே, மதியம் 2.03. வெப்பம் 58.

சட்டையில் பனி எப்போதோ முடிந்துவிட்டது. பிளாஸ்டிக் பட்டையால் கட்டிப் பார்த்தேன், அல்வா மாதிரி இழுத்துக்கொண்டு வருகிறது. மிச்சக் கேபிளைச் சுற்றினால் வெறும் கம்பத்தில் வழுக்குகிறது. ஆள் நடுவில் இருந்தால் வழுக்கவில்லை. எனவே டிஷ், நான், கம்பம், மூன்றையும் சேர்த்து ஒன்பது சுற்று சுற்றி முடிச்சுப் போட்டிருக்கிறேன். உலகத்தில் இப்படி யாரும் கட்டியதில்லை. வலது கட்டைவிரல் மட்டும் வெளியே இருக்கிறது, அதால் தட்டுகிறேன்.

"மாமா, வுட்டுடு. தொடர்பு போனா அஞ்சு நிமிசத்துல கதவு தெறக்கும். உள்ள போய்டு."

"மெஷின் நின்னா பூங்காவனம் எத்தினி நேரம் தாங்குவா? சொல்லு."

"வுட்டுடு மாமா."

"எண்ணைச் சொல்லுடா."

"நாப்பத்தெட்டு. ஆடுது."

பதிவு 10
18 மே, மதியம் 2.27

வியர்வை நின்றுவிட்டது. நல்லதுதான், கண்ணில் விழாது. மேலே வெள்ளையாக இருக்கிறது. கடல் எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. மொத்தம் ஒரு நிமிடம் ஐந்து நொடி போயிருக்கிறது. படிப்பவர்களுக்கு, முழுசாகத் திருப்பிப் பாருங்கள். கை தட்டினாலும் திருப்பிப் பாருங்கள். அவன் சொன்னான். நான்தான்

எண் ஆடுகிறது என்கிறான். நான் ஆடவில்லை. கட்டிடம்தான்

பதிவு 11
18 மே, மதியம் 2.49

முழங்கால் மடங்கினாலும் கேபிள் தாங்குகிறது நல்ல முடிச்சு பூங்காவனம் கேட்டால் மாமா ஜோராக

பதிவு 12
18 மே, மாலை 3.20. தட்டச்சு இல்லை. வயர்லெஸ் மட்டும்.

"மாமா, நாப்பத்தேழு."

"மாமா, நாப்பத்தேழு. கேக்குதா?"

"மாசிலாமணி, கதவுல ஒரு கீல் உடைஞ்சிடுச்சு. இன்னும் ரெண்டு இருக்கு. பதில் சொல்லுங்க."

"மாமா, நாப்பத்தேழு. இருவது நிமிசமா அதே எண்ணு."

"தணிகா, நான் அக்கா பேசறேன். டீச்சர் ரேடியோவ வாங்கினேன். இந்தாளு எங்கடா? கூப்ட்டா பதிலே காணோம். இங்க நல்லா குளுகுளுன்னு இருக்குது, வந்து உக்காரச் சொல்லு."

"அக்கா..."

"இன்னாடா?"

"மாமா டிஷ்ஷப் புடிச்சினு கீறாரு, அக்கா. நல்லா புடிச்சினு கீறாரு. ஆடவே இல்ல."