அண்ணன் வந்திருந்த ஞாயிறு

மார்ச் 4, செவ்வாய்

ரூபியில் நான் எழுதிய சாட் புரோகிராம் ஒருவழியாக இன்று வாய் திறந்தது. அப்பாவின் கட்டிலருகே இருக்கும் பழைய கம்ப்யூட்டர்தான் சர்வர். அடுப்படியில் என் லேப்டாப், அதோடு இணைந்து பேசும் கிளையன்ட். தொண்டை ஆபரேஷனில் குரல் போனதிலிருந்து மனுஷர் கட்டிலைத் தட்டித் தட்டியே என்னைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். போனில் எழுத்து பொடிசு, அவருக்குத் தெரியாது. இதில் கொட்டை எழுத்து. ஒற்றை விரலால் அவர் அடித்த முதல் வரி: "காப்பி ஆறிப்போச்சு. மகாராணி எங்க?" குரல் போயும் நக்கல் போகவில்லை.

மார்ச் 6, வியாழன்

"அண்ணனுக்கும் இதக் குடுக்கலாமா?" — அப்பாவே கேட்டார்! அண்ணியின் கண்முன்னாலேயே அண்ணனைக் கைநீட்டி அடித்தார், மூன்று வருஷமாக இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. இப்போது இறங்கி வருகிறார். டாக்டர் வேறு இனி எங்கள் கையில் இல்லை என்று சொல்லிவிட்டார். அண்ணனுக்கு உடனே அனுப்பிவைத்தேன். "ஞாயித்துக்கிழமை நாலு மணிக்கு அதுல வரேன்னு சொல்லு" என்றான்.

மார்ச் 9, ஞாயிறு

அப்பா சவரம் செய்துகொண்டு, சலவைச் சட்டை மாட்டிக்கொண்டு, மூன்று மணிக்கே திரைக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டார். நாலரைக்கு அடுப்படிக்கு வரி வந்தது: "வந்துட்டானா?"

"இன்னும் வரலப்பா."

ஆறு மணிக்கு மறுபடியும் கேட்டார். "வரலப்பா" என்றே அடித்தேன். அப்புறம் கேட்கவில்லை. சட்டையைக்கூடக் கழற்றாமல் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அண்ணன் போனையே எடுக்கவில்லை. இவ்வளவு கல்நெஞ்சா ஒருத்தனுக்கு?

மார்ச் 11, செவ்வாய்

அப்பா போய்விட்டார்.

மார்ச் 13, வியாழன்

நேற்று எல்லாம் முடிந்தது. அண்ணன் வந்தான். "இப்ப எதுக்கு வந்த?" என்று கேட்டேன். நாலு பேர் காதில் விழும்படியே கேட்டேன். ஓரமாய்ப் போய் நின்றுகொண்டான்.

மார்ச் 16, ஞாயிறு

இதை எப்படி எழுதுவேன்.

லேப்டாப்பில் கிளையன்டை மூடிவிட்டு, அப்பாவின் கம்ப்யூட்டரை அணைக்கப் போனேன். திரையில் வரிசையாக நின்றன —

அப்பா, நான்தான்.
அன்னைக்கு நானும் பதிலுக்குக் கைய ஓங்கியிருக்கக் கூடாது. மன்னிச்சிடுங்க.
இருக்கீங்களா?
அப்பா?
சரிப்பா. தொந்தரவு பண்ணல.

ஐயோ. வந்திருக்கிறான். சொன்ன நேரத்துக்கு வந்திருக்கிறான்.

என் சர்வர் ஒரு நேரத்தில் ஒருவரிடம்தான் பேசும். டாக்டர் அறை மாதிரி, உள்ளே இருப்பவர் எழுந்தால்தான் அடுத்தவருக்குக் கதவு. உள்ளே உட்கார்ந்திருந்தது நான். ஆளுக்கொரு த்ரெட், அதாவது தனி வாசல், போட்டிருந்தால் தீர்ந்தது, நாலு வரி வேலை. நானும் அப்பாவும் மட்டும் பேசிப் பார்த்துவிட்டு, ஓடுகிறதே, போதும் என்று விட்டுவிட்டேன். அவன் பக்கம் இணைப்பு கிடைத்ததாகவே காட்டியிருக்கும். அவன் அடித்ததெல்லாம் இந்தக் கம்ப்யூட்டருக்குள்ளேயே காத்துக் கிடந்திருக்கிறது. இன்று நான் மூடிய பிறகுதான் அவனுக்குக் கதவு திறந்திருக்கிறது. நானோ "வரலப்பா", "வரலப்பா" என்று அடித்துக்கொண்டிருந்திருக்கிறேன். பாவி நான். படுபாவி.

மார்ச் 17, திங்கள்

மறைத்துவிடலாமா என்று காலையெல்லாம் புழுங்கினேன். முடியவில்லை. அண்ணனைப் போனில் கூப்பிட்டு ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டேன்.

திட்டுவான் என்று நினைத்தேன். திட்டவில்லை.

"அப்ப அவரு படிக்கவே இல்லையா?"

"இல்லண்ணா. உனக்காகக் காத்துக்கிட்டே இருந்தாரு. நான்தான் நீ வரலன்னு சொல்லிட்டேன்."



"படிச்சிட்டுக் கோவத்துல பதில் போடலன்னு நெனச்சிருந்தேன். அதத் தாங்கிக்கிட்டேன்" என்றான். "காத்துக்கிட்டிருந்தாருன்னு ஏம்மா சொன்ன?"