மோர்மிளகாயும் கந்தோர் ஆலோசனையும்

செப்டெம்பர் 8, திங்கள்

விடியவே மப்பு, வானம் கறுத்துக் கிடக்கிறது. மிளகாய் வெளியே போடவில்லை. பத்து மணிக்குக் கந்தோரில் செயலமர்வு, அந்த அலுவலகத்தில் கூட்டத்துக்கு இப்படித்தான் பெயர். சிறுதொழில் செய்வோருக்கு அரசாங்கத்தின் இலவச ஆலோசனை. இலவசம்தான், ஓட்டோக் காசும் அரை நாள் வேலையும் மட்டும் என்னுடையது.

நிரோஜன் தம்பி, அங்கே ஆலோசகராக இருக்கிற பெடியன், பெரிய தாளில் நாலு பெட்டி கீறினார். பலம், பலவீனம், வாய்ப்பு, அச்சுறுத்தல். அவரவர் தொழிலுக்கு நிரப்ப வேண்டுமாம். பக்கத்தில் இருந்த தையற்கடை மனுசி என் தாளை எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பரீட்சை மண்டபம் என்று நினைத்தாளோ தெரியாது. நான் அச்சுறுத்தலில் 'மழை' என்று எழுதினேன். தம்பி சிரித்தார்.

"மழை இயற்கை அன்ரி. தொழிலுக்கு வாற அச்சுறுத்தலை யோசியுங்கோ."

மோர்மிளகாய் போட்டுச் சீவிக்கிறவளுக்கு மழையை விட வேறென்ன வரக் கிடக்கிறது? ஒரு நாளாவது மிளகாய் கீறிவிட்டுக் கண்ணைக் கசக்கியிருப்பாரா இந்தத் தம்பி? எரிச்சல். அடக்கிக்கொண்டேன்.

பொய் சொல்லக்கூடாது. போன வருடம் எனக்கு லேபல் அடிப்பித்ததும், யாழ்ப்பாணத்தில் சுப்பர் மார்க்கெற்றில் என் பைக்கற்றை எடுக்க வைத்ததும் இதே தம்பிதான். அதுவரை இணுவிலில் நாலு கடை, பிறகு கனடா போகிறவர்களின் சூட்கேஸ். அவ்வளவுதான் என் வியாபாரம்.

ரீயும் றோல்ஸும். றோல்ஸுக்குள் உருளைக்கிழங்கைத் தவிர ஒன்றுமில்லை.

வாங்க: உப்பு, பை, வீட்டில் இவரின், என் மனுசனின், முழங்காலுக்கு எண்ணெய். தயிருக்குச் சொல்லிவைக்க.

செப்டெம்பர் 11, வியாழன்

நல்ல வெயில். தவமணி ஏழு மணிக்கே வந்து பாய் விரித்துவிட்டாள். புருஷனுக்குக் கொழும்பில் வேறு குடும்பம் என்று தெரியவந்த வருடம் என்னிடம் வேலைக்கு வந்தவள். இரண்டு பெண்பிள்ளைகள், இரண்டும் பள்ளிக்கூடம். அவள் கீறினால் மிளகாய் பிளக்காது. இரவு தயிரில் ஊறவைத்துப் பகலில் காயவிட்டு, எத்தனை தரம் போட்டு எடுப்பது என்பதை அவளே பார்த்துச் சொல்லுவாள். நானும் செய்வேன், ஆனால் அவள் செய்தால் அந்த வெள்ளை நிறம் தனி.

மத்தியானம் இரண்டு பேருமாகப் பலாக்கொட்டைக் கறியும் சோறும். வயிறு நோக நோகச் சிரித்தோம், எதற்கென்று இப்போது ஞாபகம் இல்லை.

செப்டெம்பர் 16, செவ்வாய்

வெயில். நிரோஜன் தம்பி களப் பார்வைக்கு வந்தார். கமெராவோடு. முற்றம், பாய், தயிர்ச்சட்டி எல்லாம் படம். பிறகு கேள்வி.

"உங்கடை தொழிலிலை முக்கியமான ஆள் ஆர் அன்ரி?"

வெட்கத்துக்கு என் பெயரையா சொல்வது? தவமணியைக் காட்டினேன். "உவதான் தம்பி. உவ இல்லாட்டி எனக்குத் தொழிலே இல்லை. எல்லாம் உவவின்ரை கைதான்."

தவமணி தலையைக் குனிந்துகொண்டாள், சந்தோஷம். தம்பி எழுதிக்கொண்டார். ஆள் போன பிறகு எனக்கே நான் ஒரு பெருந்தன்மையான ஆள் என்ற எண்ணம். தேத்தண்ணீரோடு கொஞ்ச நேரம் அப்படியே இருந்தேன்.

செப்டெம்பர் 25, வியாழன்

காற்று. பாய் பறக்கிறது. தவமணி அரை நாள் லீவு கேட்டாள், கந்தோரால் கூப்பிட்டார்களாம். ஏதோ நிவாரணமாக்கும் என்று நினைத்தேன். போகச் சொன்னேன், ஓட்டோவுக்கும் கொடுத்தேன்.

ஒக்டோபர் 1, புதன்

மப்பு, தூறல், மறுபடி மப்பு.

நிவாரணம் இல்லை. தவமணியைப் 'புதிய முயற்சியாளர்' என்று தெரிவுசெய்திருக்கிறார்கள். பயிற்சி. லேபல். மிளகாய் காயவைக்க உலர்த்திப் பெட்டி, மழைக்கும் வேலை செய்யும். மோர்மிளகாய் போடத்தான். வேறென்ன தெரியும் அவளுக்கு, நான் அறிய?

இதைச் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை அவள். மிளகாயைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். நான் "ஓ" என்றேன். எழும்பிப் போய்த் தயிர்ச்சட்டியை மூடினேன்.

இவர் சொல்கிறார்: "விடுமப்பா. அவளும் ரெண்டு பெட்டையளை வைச்சிருக்கிறாள்." நியாயம்தான். நியாயம் யாருக்கு வேண்டும்.

ஒக்டோபர் 2, வியாழன்

கந்தோர். வரிசை. மூன்றாவதாகக் கூப்பிட்டார்கள்.

"தம்பி, உங்களுக்கு என்ரை தவமணியை விட்டால் ஊரிலை வேறை ஆளே இல்லையோ?"

"இருங்கோ அன்ரி. ரீ குடிக்கிறியளே?"

"ரீ வேண்டாம். அவ என்னட்டை வேலை செய்யிறவ."

"அதாலைதான் அன்ரி. இந்த வருசம் புதுசாய்த் தொடங்குற ஆக்களைக் காட்டவேணும் எண்டு மேலிடம் சொல்லுது. அவ தனியப் பிள்ளையளை வளர்க்கிறா, தொழிலும் தெரியும். நீங்கள்தானே சொன்னியள், எல்லாம் அவவின்ரை கைதான் எண்டு."

நானே வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டிருக்கிறேன். பெருந்தன்மையாம்.

"சரி, உந்த உலர்த்திப் பெட்டியை நான் எத்தினை தரம் கேட்டனான்? போன மழைக்கும் கேட்டனான் எல்லோ?"

"அது புதுசாய்த் தொடங்குறவைக்கு மட்டும் அன்ரி. நீங்கள் நிலைச்சுப்போன ஆள்."

நிலைத்துப்போன ஆள்! ஒரு கிழமை மழை பெய்தால் கடைக்குக் கொடுக்கச் சரக்கில்லை, நிலைத்துப்போன ஆளாம்.

"அப்ப எனக்கு என்ன ஆலோசனை?"

தம்பி யோசித்தார். உண்மையாகவே யோசித்தார், அதைத்தான் தாங்க முடியவில்லை. "வேறை ஒரு உற்பத்தியைப் பாருங்கோ அன்ரி. காளான் எண்டால் இப்ப நல்ல கிராக்கி."

காளான். கோதாரி.

கெட்ட பெடியன் இல்லை அவர். வாசல் வரை வந்து குடையை எடுத்துத் தந்தார். திட்டவும் முடியாமல் வந்தேன். வீட்டுக்கு வந்து பூனையைத் திட்டினேன்.

ஒக்டோபர் 3, வெள்ளி

காலையில் வெயில். வேலை முடிந்தும் தவமணி போகவில்லை. கிணற்றடியில் கை கழுவிக்கொண்டே நின்றாள், கழுவி முடியாத கை மாதிரி. பிறகு வந்து பாயில் இருந்தாள்.

"அக்கா, நீங்கள் வேண்டாமெண்டு ஒரு சொல்லுச் சொல்லுங்கோ. நான் போகேல்லை. பெட்டியும் வேண்டாம், ஒண்டும் வேண்டாம்."

நான் மிளகாய் கீறினேன்.

"உங்களிட்டைத் திண்ட சோத்துக்கு நான் துரோகம் செய்யிறன் எண்டு சனம் கதைக்கும் அக்கா."

"சனம் உன்ரை பிள்ளையளுக்குப் படிப்பிக்குமே?" என்றேன். குரல் சுள்ளென்று வந்துவிட்டது. அவள் அழத் தொடங்கினாள்.

வேண்டாம் என்ற சொல் நாக்கு நுனியில் நின்றது. ஒரு சொல்தான். சொல்லியிருந்தால் திங்கள் வந்திருப்பாள், செவ்வாய் வந்திருப்பாள், சாகும்வரை என் முற்றத்தில் கீறிக்கொண்டிருப்பாள். அவளைத் தெரியும் எனக்கு.

"போ" என்றேன். நல்ல மனத்தோடு சொல்லவில்லை. இதை இங்கேயாவது எழுதிவைக்க வேண்டும். அவள் காலில் விழ வந்தாள், நான் காலை இழுத்துக்கொண்டேன்.

இரவு சாப்பிடவில்லை. இவர் கேட்டார், வயிறு சரியில்லை என்றேன்.

ஒக்டோபர் 23, வியாழன்

தீபாவளி முடிந்ததிலிருந்து மழை. வெள்ளம் முற்றத்தில். புதிதாக வருகிற மேகலா நல்ல பிள்ளைதான், ஆனால் கீறுகிற மிளகாயில் பாதி இரண்டாகப் பிளக்கிறது. நான் கத்துகிறேன், அவள் விம்முகிறாள்.

தயிரில் போட்டது அப்படியே கிடக்கிறது. காயவைக்க வழியில்லை. குசினிக்குள் கயிறு கட்டி, அடுப்புக்கு மேலே சுளகில் வைத்துப் பார்த்தேன். இன்று கிளறினால் பூஞ்சணம். முழுவதும். வாழைக்கு அடியில் கொட்டி மூடினேன். வீட்டுப் போத்தலில் இருந்ததையும் தட்டித் துடைத்துக் கடைக்கு அனுப்பியாகிவிட்டது.

சுப்பர் மார்க்கெற்றிலிருந்து போன். அடுத்த கிழமை தருகிறேன் என்றேன். எங்கிருந்து தருவேன்?

நிரோஜன் தம்பியும் போன். காளான் செயலமர்வு, புதன்கிழமை. கேட்டுவிட்டுப் போனை வைத்துவிட்டேன்.

நவம்பர் 7, வெள்ளி

மழை விட்டுவிட்டுப் பெய்கிறது. இவர் பருத்தித்துறையில் ஒரு செத்தவீட்டுக்கு. நான் தவமணி வீட்டுக்கு. தொழில் தொடக்க விழா. முந்தநாள் நனைந்துகொண்டு வீடு தேடி வந்து சொன்னாள், எப்படிப் போகாமல் இருப்பது? இவருக்குச் சொல்லவில்லை. போக மாட்டேன் என்று வீறாப்பாகச் சொல்லியிருந்தேன்.

தகரக் கொட்டகை. பதாகை. பெட்டி பளபளவென்று நடுவில். லேபலில் என் லேபலில் இருக்கிற அதே மிளகாய்ப் படம், அதே பச்சை, பெயர் மட்டும் வேறு. என்னுடையதைக் கீறிய பெடியன்தான் இதையும் கீறியிருக்க வேண்டும்.

நிரோஜன் தம்பி பேசினார். பிறகு என்னைக் கண்டு, "அன்ரி, இஞ்சாலை வந்து நில்லுங்கோ. பழைய பயனாளியும் புதுப் பயனாளியும், ரெண்டு பேரையும் சேர்த்து ஒரு படம்."

நின்றேன். சிரித்தும் இருப்பேன், பல் தெரிந்தது போல ஞாபகம்.

"முதல் வியாபாரம் உங்கடை கையாலைதான் அக்கா," என்று தவமணி ஒரு பைக்கற்றை நீட்டினாள். காசு வாங்க மாட்டேன் என்றாள். அப்படியென்றால் அது வியாபாரமா? கையில் திணித்தேன். அவள் காசுத்தாளைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அவளுடைய சின்னவள் பின்னால் நின்று பெட்டிக் கதவைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தாள்.

நன்றாக வரட்டும். உண்மையாகத்தான் எழுதுகிறேன். வயிறும் எரிகிறது, அதுவும் உண்மை.

வீட்டுக்கு வந்து லேபலை அடுப்பில் போட்டு, மிளகாயை எங்கள் போத்தலில் கொட்டினேன்.

நவம்பர் 12, புதன்

அடை மழை. காலையில் சுப்பர் மார்க்கெற் மனேஜர் போன் எடுத்தார். மரியாதையான மனிதர், இழுத்து இழுத்துத்தான் சொன்னார். "அக்கா, குறை நினையாதேங்கோ. ரெண்டு பேரின்ரையும் வைக்க றாக்கையிலை இடமில்லை. மற்றவ மழைக்கும் ஒழுங்காய்த் தாறா. கந்தோராலை கூட்டிக்கொண்டு வந்தவை." மற்றவ யார் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

மேகலாவைத் திங்களிலிருந்து வரவேண்டாம் என்று சொல்ல வேண்டும். இன்னும் சொல்லவில்லை. இவருக்கும் சொல்லவில்லை.

மத்தியானம் சோறு, சொதி. பொரிக்க வேறொன்றும் இல்லை, போத்தலைத் திறந்தேன். இவர் ஒன்றைக் கடித்தார். மற்றதையும் எடுத்தார்.

"பூஞ்சணம் பிடிச்சுக் கொட்டினதெண்டீர். இது வடிவாய் வந்திருக்கே. ஆர் வந்தாலென்ன, போனாலென்ன, உம்மடை கை கைதான்."

"ஓம்" என்றேன்.

"இன்னும் ரெண்டு போடும்."

போட்டேன்.