மூன்று வெப்பநிலையில் அளந்த கோடு

ஜெசி மக்கா,

நீ எலிக்காய்ச்சலில் போய் ஏழு மாதமாகிறது. உன் ஆய்வு நோட்டு என்னிடம்தான் இருக்கிறது. கேட்காமல் எடுத்தேன், திட்டாதே.

சர்க்கரை மூலக்கூறுகள் கோத்த வளையம் ஒன்றுக்குள் பன்னிரண்டு மருந்து மூலக்கூறுகளை நுழைத்துப் பார்த்தாய். இறுகப் பிடித்தவை அதிக வெப்பம் விட்டன, என்தால்பியில் ஆதாயம். இறுகியதால் அசையும் சுதந்திரம் போனது, என்ட்ரோபியில் நட்டம். ஒன்றை மற்றது ஈடுகட்ட, மொத்தப் பிடிமானம் ஏறக்குறைய மாறவே இல்லை. வரைபடத்தில் புள்ளிகள் நேர்கோட்டில் விழுந்தன. "ஏட்டி, பாத்தியா, எப்பிடி வரிசையா நிக்குது!" என்று குதித்தாய்.

நம் வழிகாட்டி சொன்னார்: "கடப்புறத்துக்காரிக்கு மீன் அடுக்கிப் பழக்கம். புள்ளியையும் அடுக்கிட்டா." எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான். பார்த்தாயா அதை?

அவருடைய சந்தேகம் சரி, ஜெசி. நீ அருகருகே மூன்றே வெப்பநிலையில் அளந்தாய். என்தால்பி, என்ட்ரோபி இரண்டையும் வெப்பநிலையோடு பிடிமானம் மாறும் ஒரே சாய்விலிருந்து எடுத்தாய். சாய்வு பிசகினால் இரண்டும் சேர்ந்தே பிசகி, இல்லாத நேர்கோட்டையும் வரைந்து காட்டும். அவருக்கு இது தெரியும். ஒரு வார்த்தை சொன்னாரா? மூன்றோடு ஏன் நிறுத்தினாய் என்றாவது கேட்டாரா? நீர்த்தொட்டி அடுத்த வெப்பநிலையில் நிலைக்கும் முன் உன் கடைசி பஸ் போய்விடும். நீ ஹாஸ்டல் கேட்டபோது, "பக்கத்து ஊருதானே" என்று தள்ளியவரும் அவர்தான்.

நான் வெப்பத்தைக் கலோரிமானியில் நேரடியாக அளந்தேன். ஐந்து மருந்துகள் உன் கோட்டைவிட்டு விலகின. ஏழு நின்றன. அந்த ஏழில் ஈடுகட்டல் நிஜம்.

நேற்று அவரிடம் கட்டுரையை நீட்டினேன்.

"செத்த பிள்ளை பேரு முதல்ல எதுக்கு? கீழ நன்றின்னு போடு."

"முதல்ல அளந்தது அவளாக்கும், சார். தப்பின அஞ்சும் அவளுக்கது, நின்ன ஏழும் அவளுக்கது."

"அப்போ நான் கையெழுத்து போடல்ல."

"போடாண்டாம், சார்."

அவர் கையெழுத்தில்லாமல் அது எங்கும் போகாது. என் பட்டமும் அதோடு நிற்கும். திங்கட்கிழமை துறைத்தலைவரிடம் போகிறேன். அங்கே நடக்கவில்லையென்றால் அதற்கு மேலே.

காலையில் உன் அம்மாவைப் பார்த்தேன். கோடு, வெப்பம் எல்லாம் விளக்கினேன். அவர் கேட்டது ஒன்றுதான்: "அதுல எம்மவ பேரு உண்டா மக்கா?"

உண்டு என்றேன். அச்சில் இன்னும் இல்லை, ஜெசி. ஆனாலும் சொல்லிவிட்டேன். அதைப் பொய்யாக விடமாட்டேன்.

உன் கூட்டுக்காரி,
ரம்யா