ஞானஸ்நானத்தில் பாடிய அடக்கப் பாட்டு

அன்புள்ள அக்கா,

கோயிலில் நம் பாடகர் குழுவின் அலமாரியை இன்று ஒதுக்கும்போது உங்கள் பாட்டுப் புத்தகம் கையில் அகப்பட்டது. அடக்கப் பாட்டுகள் இருக்கும் பக்கங்கள் நைந்து, நீங்கள் ஒட்டிய டேப்பும் மஞ்சளாகிவிட்டது. ஞானஸ்நானப் பாட்டுகளின் பக்கங்களோ ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கிடந்தன. விரலால் மெல்லப் பிரித்தேன்.

நாம் குழுவில் சேர்ந்த புதிதில், ஞாயிறு தமிழ்ப் பூசை முடிந்ததும் ஞானஸ்நானத்துக்கு வந்த குழந்தைகள் வரிசையாக அழும். நம் குரல் எடுபடாது. பிறகு வந்ததெல்லாம் அடக்கப் பூசைகள்தான். அதிலும் தொண்ணூறைத் தொட்டவர்களைத்தான் பெரும்பாலும் வழியனுப்பினோம். அதனால்தான் சென்ற ஆண்டு, வெகுநாள் கழித்து ஒரு குழந்தை வந்த அன்று, ஆர்கன் வாசிப்பவரும் இல்லாமல் போகவே, பழக்க தோஷத்தில் நீங்களும் நானும் அடக்கப் பாட்டை எடுத்துவிட்டோம். ஒரு வரி முழுக்கப் பாடினோம். குழந்தையின் தகப்பன் திரும்பிப் பார்த்த பார்வையை நினைத்தால் இப்போதும் எனக்குக் கூசுகிறது. சாமியார் மட்டும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

பிறகு தேக்கா சந்தையில் டீ குடிக்கும்போது நீங்கள் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தீர்கள். அது சிரிப்பு மட்டும் இல்லை என்று எனக்குப் புரியச் சற்று நேரமானது. கல்யாணமாகி எட்டு வருடமான உங்கள் ஒரே மகள் ஜாஸ்மின், பிள்ளை வேண்டாம் என்று முடிவெடுத்திருந்தாள். அதற்காக நீங்கள் போட்ட சண்டைக்குப் பிறகு, உங்கள் அம்மாவின் மருந்தைப் பற்றித் தவிர இருவரும் எதுவும் பேசுவதில்லை.

"எனக்கு வருத்தம்தான், இல்லைன்னு சொல்லல," என்றீர்கள். "ஆனா அவ புள்ள பெத்துக்கலைன்னா, அவ எனக்குப் புள்ள இல்லைன்னு ஆயிடுமா? இதை நீ அவகிட்ட சொல்லேன்."

நான்தான் எல்லாவற்றுக்கும் ஒரு நியாயம் வைத்திருப்பேனே. "இதெல்லாம் பெத்தவ வாயால வரணும்க்கா. நீங்களே சொல்லுங்க லா," என்றேன்.

"கிறிஸ்மஸ் வரட்டும், சொல்றேன்," என்றீர்கள். மூன்றே வாரத்தில் மாரடைப்பு உங்களைக் கொண்டுபோனது.

தொண்ணூற்றிரண்டு வயதில் உங்கள் அம்மா இருக்கிறார். இந்த ஊரில் இனி இப்படித்தான் போலிருக்கிறது. போகிறவர்கள் நிதானமாகப் போகிறார்கள். வர வேண்டியவர்கள் வருவதில்லை. நீங்கள்தான் அவசரப்பட்டுவிட்டீர்கள்.

போன வாரம் பொங்கோலில் உள்ள உங்கள் வீட்டுக்குப் போனேன். ஜாஸ்மின் வேலை நேரத்தைக் குறைத்துக்கொண்டு, உங்கள் அம்மாவைப் பார்த்துக்கொள்ள அங்கேயே வந்துவிட்டாள். தரையில் உட்கார்ந்து அவருக்குக் கால் நகம் வெட்டிக்கொண்டிருந்தாள்.

"எனக்கு வயசானா யாரு ஆன்டி வெட்டுவா? ரோபோதான்," என்றாள்.

"எனக்கு மட்டும் யாரு இருக்கா? என் பையன் மெல்பர்ன்லேர்ந்து வருவானா?" என்றேன். இருவரும் சிரித்தோம். பிள்ளை பெற்றவள் என்று நான் கொஞ்சம் தலை நிமிர்ந்து திரிந்தது உண்மை. அன்று அது விட்டுப்போனது.

அவள் தலை தூக்காமலே கேட்டாள்: "அம்மாவுக்குக் கடைசி வரைக்கும் என் மேல கோவம்தான், இல்ல?"

தேக்காவில் நீங்கள் சொன்னதை ஒரு வார்த்தை குறையாமல் சொன்னேன். அவள் கை அப்படியே நின்றுவிட்டது. "என்னடி, முடிஞ்சுதா?" என்று உங்கள் அம்மா காலை ஆட்டினார்.

ஜாஸ்மின் வெகுநேரம் அழுதாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அன்னைக்கே எனக்கு ஒரு மெசேஜ் போட்டிருக்கலாமே, ஆன்டி. நான் ஓடி வந்திருப்பேனே," என்றாள்.

நீங்கள் சொன்னதை அவளிடம் சேர்த்துவிட்டேன், அக்கா. அந்த மூன்று வாரம் மட்டும் என்னிடமே இருக்கிறது.